ஒலி திருத்தும் மென்பொருள்கள்: விரைவா, வசதியா?

பதிவு செய்த பேச்சை வெட்டியும் ஒட்டியும் சீராக்கும் மென்பொருள்கள் இன்று பல உள. அவற்றுள் இலவசமாய்க் கிடைக்கும் இரண்டினை ஒப்பிட்டு நோக்குவோம்.

ஓடாசிற்றி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் உருப்பெறத் தொடங்கி 2000இல் வெளிவந்தது. பல பதிவுகளை ஒருங்கே இணைக்கவும் இரைச்சலைக் குறைக்கவும் அது வல்லது. ஆயின், சுருக்கி வைக்கப்பெற்ற எம்.பி.3 ஒலியை முற்றாக விரித்த பின்னரே திருத்தத்திற்கு விடும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒரு மணி நேர ஸ்ரீரியோப் பதிவு, 32 பிற் அளவில் விரியுங்கால் ஏறத்தாழ 1.27 கிகாபைற் ஆகிவிடும். தாமதத்தின் காரணம் இதுவே. மீண்டும் எம்.பி.3 ஆகச் சுருக்குமிடத்து ஒலியின் நுண்மையும் சிறிது குன்றும்.

எம்.பி.3 டிரெக்ட்கட்டோ ஒலியை விரியாமலே வெட்டும். ஆதலின் வேலை விரைந்து முடியும். எஞ்சிய பகுதியும் பழுதுறாது. இரைச்சலை நீக்கும் ஆற்றல் மட்டும் அதற்கில்லை.

வேண்டாத பகுதியை வெட்டுவதற்குப் பின்னதும், மங்கிய குரலைத் தெளிவாக்க முன்னதும் ஏற்றவை. எதனைக் கையாளினும் மூலப் பதிவின் பிரதியொன்றை முதலில் எடுத்து வைப்போமாக. மறைந்த மூத்தோரின் குரலை மறுமுறை பதிவு செய்தல் இயலாதன்றோ?