தட்டில் தொடங்கட்டும் எடைக் குறைப்பு

எடையைச் சட்டென்று குறைக்க விரும்பும் இளையர்கள் சிலர் காலை உணவையும் மதிய உணவையும் விட்டுவிடுகின்றனர். இரவில் பசி தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிடுவதால் முயற்சி வீணாகிறது.

நிதானமே பலன் தரும். உடலின் தேவையைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக உண்டால், தொடக்கத்தில் வாரத்திற்கு ஏறக்குறைய அரை கிலோ குறையலாம்.

முதலில், ஒரு வாரத்திற்கு உண்பதையும் பருகுவதையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். சோற்றைக் கணக்கில் சேர்ப்பவர்களும் எண்ணெயையும் பானங்களையும் மறந்துவிடுவதுண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் சுமார் 120 கலோரி உள்ளது. உணவங்காடியில் ‘தே’ வாங்கும்போது ‘சியூ டாய்’ என்று சொன்னால் இனிப்பு குறையும்; ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இருக்காது.

அடுத்தது அளவு. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்தி பிளேட்’ வழிகாட்டி எளிமையானது: பாதித் தட்டில் காய்கறி, பழங்கள், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்றவை. நாசி பாடாங் கடையில், “சோறு பாதி, காய்கறி கூடுதல், குழம்பு கொஞ்சம்” என்று கேட்டுப் பழகுங்கள்.

எடை குறையக் குறைய உடலின் கலோரித் தேவையும் குறையும். ஆகவே, சில மாதங்களில் வேகம் தணிந்தால் மனம் தளர வேண்டாம். வளரும் பருவத்தில் உள்ள மாணவர்கள் மட்டும் மருத்துவரின் ஆலோசனை இன்றி உணவைக் குறைக்கக்கூடாது.