வாயில வாழைப்பழம், ஸ்பீக்கர்ல பாட்டு: ஒரு லிப் சிங்க் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு பழைய டிவி கிளிப்பை எடுத்து, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

1967 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் 'எட் சல்லிவன் ஷோ'. வீட்டுல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி. மேடையில் 'தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ்' என்ற ஃபோக் ராக் குழு: ஜான் பிலிப்ஸ், மிஷெல் பிலிப்ஸ், டென்னி டோஹர்ட்டி, காஸ் எலியட். பாட்டு 'கலிஃபோர்னியா ட்ரீமிங்'. 1965 டிசம்பரில் வெளியாகி, அடுத்த வருஷம் அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடம் வரைக்கும் போன பாட்டு. பாப் உலகத்தில் ஒன்றரை வருஷம்னா அது பழைய ஹிட்தான்.

பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல மிஷெல் சாவகாசமா ஒரு வாழைப்பழத்தை சாப்பிடுறாங்க. வாய் நிறைய பழம். ஆனா பாட்டுல அவங்க குரல் கொஞ்சம்கூட தடுமாறல. ஏன்னா அங்க யாருமே பாடல. ரெக்கார்டுதான் ஓடுது.

லிப் சிங்க் எப்படி வேலை செய்யுது? ரொம்ப சிம்பிள். ஸ்டுடியோவில் ரெக்கார்டை ஓட விடுவாங்க. அந்த ஒலி நேரா ஒளிபரப்புக்குப் போயிடும். அதே ஒலி மேடையில் இருக்கிற ஸ்பீக்கரிலும் வரும், பாடகர்கள் அதைக் கேட்டு வாயசைப்பாங்க. மைக் இருந்தாலும் அது சும்மா ஒரு பொருள்தான்.

சரி, ஏன் இப்படி? சோம்பேறித்தனம்னு நினைச்சா பாதி கதை விட்டுப் போயிடும். இந்தப் பாட்டு எப்படி உருவாச்சுன்னு பார்த்தா மீதி புரியும்.

1963-ல் ஜானும் மிஷெலும் நியூயார்க்கில் இருந்தாங்க. குளிர்காலம். கலிஃபோர்னியாப் பொண்ணான மிஷெலுக்கு ஊர் ஞாபகம். அந்த ஏக்கத்தில் இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினதுதான் இந்தப் பாட்டு. அப்புறம் 1965-ல் லாஸ் ஏஞ்சலஸில், தயாரிப்பாளர் லூ ஆட்லர் இதை முதல்ல பேரி மெக்வயர் என்ற பாடகருக்காக ரெக்கார்ட் பண்றார். மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் அதில் பின்குரல் மட்டும்தான். பிறகு பாட்டு இவங்களுக்கே வருது. ஆட்லர் புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல. அதே டேப்பில் மெக்வயர் குரலை எடுத்துட்டு, அந்த இடத்தில் டென்னி குரலைப் பதிவு பண்றார். நடுவில் வர்ற சோலோவுக்கு பட் ஷாங்க் என்ற ஜாஸ் கலைஞர் ஆல்டோ ஃப்ளூட் வாசிக்கிறார்.

மெக்வயர் குரல் முழுசா போகல. ஸ்டீரியோ பதிப்பை ஹெட்ஃபோனில் கேளுங்க. ஆரம்பத்தில் இடது பக்கம் ஒரு நொடி அவர் குரல் லேசா கேட்கும். பழைய கோடை டெலீட் பண்ணியும் ஒரு லைன் மட்டும் ப்ரொடக்‌ஷனில் தங்கிட்ட மாதிரி.

இப்போ ரெக்கார்டில் யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. டிரம்ஸில் ஹால் பிளேன், பேஸ் கிட்டாரில் ஜோ ஆஸ்பார்ன், ஃப்ளூட்டில் பட் ஷாங்க். யாரும் குழுவைச் சேர்ந்தவங்க இல்லை, எல்லாரும் கூலிக்கு வாசிச்ச ஸ்டுடியோ கலைஞர்கள். குரலிலும் ஒரு வேலை இருக்கு. நாலு பேர் பாடினதுக்கு மேலேயே அதே நாலு பேர் திரும்பப் பாடி அடுக்கினதாலதான் இவங்க ரெக்கார்டுகளில் குரல் அவ்வளவு கனமா கேட்கும். அதாவது அந்த மூணு நிமிஷம் எந்த ஒரு அறையிலும் ஒரே நேரத்தில் நடந்ததே இல்லை. அதை மேடையில் நாலு பேர் அப்படியே திருப்பிக் கொடுக்க முடியாது. டிவி பார்க்கிறவங்களுக்கோ ரேடியோவில் கேட்ட அதே ஒலி வேணும். அதுக்கு ஈஸியான வழி, ரெக்கார்டையே போட்டு விடுறது.

இதை எல்லாரும் சும்மா ஏத்துக்கல. பிரிட்டனில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியும் 1964-ல் லிப் சிங்க்கோடதான் தொடங்குச்சு. இசைக்கலைஞர்கள் சங்கம் எதிர்த்து நின்னதில், 1966-ல் அங்க வெறும் வாயசைப்புக்குத் தடை வந்தது. லைவா பாடணும், இல்லைன்னா அந்த நிகழ்ச்சிக்குன்னே பின்னணி இசையைத் தனியா பதிவு பண்ணணும். சங்கத்தோட கணக்கு நியாயமானது. ரெக்கார்டே ஓடினா, வாசிக்கிறவனுக்கு அன்னைக்கு வேலை இல்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். லிப் சிங்க் ஏமாத்து வேலையான்னு கேட்டா, வாயசைக்கிறதை நான் பெரிய குத்தமா நினைக்கல. ரெக்கார்டிங் என்பதே ஒரு தனிக் கலை. அதைப் பார்க்க ஒரு முகம் வேணும், அவ்வளவுதான். பிரச்சினை எங்கன்னா, திரையில் தெரியுற நாலு முகம்தான் மொத்தப் பாட்டும்னு நம்ப வைக்கிறதில். மெக்வயரும் பிளேனும் ஷாங்க்கும் ஒலியில் இருக்காங்க, படத்தில் இல்லை.

அதனாலதான் அந்த வாழைப்பழம் எனக்குப் பிடிக்கும். யாரு சாப்பிடுறாங்கன்னு பாருங்க. அந்தப் பாட்டு பிறக்கக் காரணமான ஏக்கமே மிஷெலோடது. எழுதினதிலும் அவங்களுக்குப் பங்கு உண்டு. ஆனா 1966-ல் குழுவே அவங்களை வெளியே அனுப்பி, ஜில் கிப்சன் என்ற இன்னொரு பெண்ணை அந்த இடத்தில் நிறுத்திச்சு. சில மாசத்தில் மிஷெல் திரும்பி வந்தாங்க. ஒரு குழுவில் ஆளை மாத்தி நிறுத்தினாலும் படம் ஓடும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த 23 வயசுப் பொண்ணு தன் சொந்தக் குரல் ஸ்பீக்கரில் ஓடும்போது பழம் சாப்பிடுறாங்க. ஒரு வார்த்தை பேசாம, நீங்க பார்க்கிறது வேற, கேட்கிறது வேறன்னு நாடு முழுக்கக் காட்டிட்டாங்க.

அடுத்த தடவை ஒரு பழைய டிவி கிளிப் பார்த்தா மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, எலக்ட்ரிக் கிட்டாரில் ஒயர் சொருகியிருக்கா? ரெண்டு, கேட்கிற ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேடையில் ஆள் இருக்கா? மூணு, பாட்டு மெல்ல மெல்லத் தேய்ஞ்சு முடியுதா? மேடையில் நிஜமா வாசிக்கிறவங்க பொதுவா அப்படி முடிக்க மாட்டாங்க, அது மிக்ஸிங் மேசையோட வேலை. இதெல்லாம் சந்தேகம் தந்தா, அந்த ரெக்கார்டில் வாசிச்சது யாருன்னு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு பாட்டை மறுபடி கேட்டா, இதுவரைக்கும் கவனிக்காத ஒருத்தர் வாசிக்கிறது காதில் விழும்.