விமான நேரமும் வாசல் நேரமும்

வத்தல், மல்லி, பருப்பு கொள்முதலுக்கு விருதுநகர் போகும் நம் வியாபாரிகளில் சிலர் மதுரை வரை விமானத்தில் போகிறார்கள். "ஒரு மணி நேரத்தில் மதுரை" என்ற பேச்சை நம்பி வேலையைத் திட்டமிடுகிறார்கள். அந்தக் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் பாதை 493 கிலோமீட்டர். ஆகாய வழியில் 70 கிலோமீட்டர் மிச்சம்.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணி நேரம் போதுமே? ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போல் போட்டிருக்கும். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல், அங்கே போய் நிற்கும் வரை எண்ணுவதுதான் அவர்கள் வழக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். குறைந்த தூரத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான்; ஆனாலும் கால் மணி, இருபது நிமிடம்தான் கூடும்.

இது விமானக்காரர் கணக்கு. நம் கணக்கு வேறு. மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி; அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி; பயணம் ஒன்றேகால்; பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி; மதுரையிலிருந்து விருதுநகருக்குச் சுமார் 45 கிலோமீட்டர், காரில் ஒரு மணி. ஆக ஐந்தே கால் மணி நேரம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷமாக எனக்குச் சரக்கு அனுப்பிய விருதுநகர் மண்டிக்காரர் ஒருநாள் விடியற்காலையில் காலமானார். மதியம் ஒரு மணிக்கு எடுப்பதாகப் போன் வந்தது. பத்து மணி விமானத்தில் இடம் கிடைத்தது. பதினொன்றே காலுக்கு மதுரை, பன்னிரண்டரைக்கு வீடு என்று நினைத்து, எட்டே முக்காலுக்குத்தான் மயிலாப்பூரில் காரில் ஏறினேன். கிண்டியில் நெரிசல். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே கவுண்டரை மூடிவிட்டார்கள். அடுத்த விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர் மகன் ஒன்றும் சொல்லவில்லை. "உட்காருங்க அண்ணாச்சி" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே தலை குனிந்தேன்.

ஆகவே அவசரத்துக்கு விமானம்தான் சரி. ஆனால் வாசல் முதல் வாசல் வரை எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். தி.நகர்க்காரர்கள் நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் சாலை நெரிசல் இல்லை. அவசரமில்லாத கொள்முதலுக்கு இரவு நெல்லை எக்ஸ்பிரஸே லாபம். கடையடைப்பைப் பையன்களிடம் விட்டு ஏறினால், விடிந்ததும் விருதுநகர். நேரம் கூடுதலானாலும் அது தூங்கும் நேரம். கல்லாவில் உட்காரும் நேரம் அல்ல.