கல்லீரல் நோயும் தைராய்டு பரிசோதனை முடிவும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கல்லீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரின் அறிக்கையில் ‘டி3 குறைவு’ என்று இருப்பதைக் கண்டு, தைராய்டு நோயும் வந்துவிட்டதோ என்று குடும்பத்தினர் கலங்குவது உண்டு. கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பல்லாவரம் போன்ற பகுதிகளின் ஆய்வகங்களில் ‘முழு உடல் பரிசோதனை’ தொகுப்பிலேயே தைராய்டு பரிசோதனையும் இடம்பெறுவதால், மருத்துவர் கேட்காமலேயே இத்தகைய முடிவுகள் உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கும்போது, தைராய்டு சுரப்பி நலமாக இருந்தாலும் இந்த அளவுகள் மாறக்கூடும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

கல்லீரலுக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு?

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி பெரும்பகுதி டி4 என்னும் ஹார்மோனையே சுரக்கிறது. இதில் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நீக்கப்பட்டு டி3 ஆக மாறிய பிறகே அது முழு வீரியத்துடன் செயல்படுகிறது. உடலில் உள்ள டி3-இல் சுமார் 80 விழுக்காடு இவ்வாறு சுரப்பிக்கு வெளியே உருவாவதாகும். இம்மாற்றம் நிகழும் முக்கிய உறுப்புகளுள் ஒன்று கல்லீரல்.

மேலும், இரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி புரதங்களுடன் பிணைந்தே பயணிக்கிறது. அப்புரதங்களை உற்பத்தி செய்வதும் கல்லீரலே. பிணையாமல் தனித்திருக்கும் மிகச் சிறு பகுதி மட்டுமே திசுக்களில் வேலை செய்கிறது.

கல்லீரல் நோயில் அளவுகள் எவ்வாறு மாறுகின்றன?

• சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்தில், டி4 ஹார்மோன் டி3 ஆக மாறுவது குறைகிறது. அதற்குப் பதிலாக ‘ரிவர்ஸ் டி3’ என்னும் செயலற்ற வடிவம் கூடுகிறது. எனவே டி3 குறைந்து காணப்படும், டி.எஸ்.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.
• கடும் கல்லீரல் அழற்சியில் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடுவதால், மொத்த டி4 உயர்ந்து காணப்படலாம். தனி டி4, அதாவது ‘ஃப்ரீ டி4’, இயல்பாக இருக்கும்.
• கடும் நோயிலிருந்து மீளும் காலத்தில் டி.எஸ்.எச். தற்காலிகமாகச் சற்று உயரலாம். அது 20-ஐத் தாண்டினால், உண்மையான தைராய்டு குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

ஆகவே மொத்த டி3, டி4 அளவுகளை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், டி.எஸ்.எச். மற்றும் ஃப்ரீ டி4 அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பதும், தேவையானால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிப்பதும் சரியான வழியாகும்.

தேவையற்ற மாத்திரையால் வரும் தீங்கு

தைராய்டு நலமாக உள்ளவர் லெவோதைராக்சின் மாத்திரையை உட்கொண்டால் இதயத் துடிப்பு மிகும், நாளடைவில் எலும்பு தேயும், தசை மெலியும். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் பலர் ஏற்கெனவே தசை இழந்தவர்கள் என்பதால் இது அவர்களுக்குக் கூடுதல் கேடு. அதே வேளையில், முன்பே தைராய்டு குறைபாடு உறுதிசெய்யப்பட்டவர்கள், கல்லீரலுக்கு ஆகாது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

இரு நோய்களும் சேர்ந்தே இருக்கக்கூடுமா?

இருக்கக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் சில கல்லீரல் நோய்களில், தைராய்டும் அவ்வாறே தாக்கப்படுவதுண்டு. தைராய்டு மிகைச் சுரப்புக்குத் தரப்படும் கார்பிமசோல், புரோபைல்தயோயுராசில் ஆகிய மருந்துகள் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். இவற்றை உட்கொள்ளும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ அன்றே மருத்துவரை அணுகுங்கள். கீழாநெல்லி அருந்திக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பழைய அறிக்கைகள் அனைத்தையும், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள்.
• முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவைப் பிறழச் செய்யும். இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும், அரிப்புக்குத் தரப்படும் கொலஸ்டிரமின் பொடிக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

சோர்வு, கால் வீக்கம், மந்தம் ஆகியவை இரு நோய்களிலும் தோன்றும். ஆயினும் கல்லீரல் நோயாளி பகலில் அளவுக்கு மீறி உறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கருநிறமாகப் போனாலோ, அதனைத் தைராய்டுக் கோளாறு என்று எண்ணிக் காலம் தாழ்த்தாதீர்கள். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் 2018-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இலவசம். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள். அறிக்கையில் ஓர் எண் மாறியிருப்பதாலேயே மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் மருத்துவரைக் கலந்து முடிவெடுங்கள்.