5 கோடி ரூபாய்க்குள் ஒரு கபடி அணி: தமிழ் தலைவாஸ் எங்கே சறுக்குகிறது?

ஊர்க் கபடியில் ஒரு பழைய கணக்கு உண்டு. "வெளியூர்ல இருந்து ஒரு நல்ல ரெய்டரை இறக்கிட்டா போதும், கப்பு நமக்குத்தான்." கள்ளக்குறிச்சி பக்கம் பொங்கல் போட்டி பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் புரோ கபடி லீக்கில் இந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் நம்ம தமிழ் தலைவாஸ்.

சம்பள வரம்பு என்றால் என்ன?

பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். ஐ.எஸ்.எல் கால்பந்திலும் இது உண்டு. புரோ கபடியில் 2022-ல் இந்த வரம்பு 4.4 கோடி ரூபாய். 10-வது சீசனில் இருந்து 5 கோடி. இதற்குள் குறைந்தது 18 வீரர்கள் கொண்ட அணியை அமைக்க வேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

தலைவாஸுக்கு என்ன ஆச்சு?

2017-ல் களமிறங்கிய தலைவாஸ், முதல் 2 சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர் இருந்த அணிக்கு ராகுல் சவுத்ரியையும் 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். பெயர் எல்லாம் பெரிய பெயர்தான். ஆனாலும் 12 அணிகளில் 12-வது இடம். அடுத்த சீசனில் 11-வது இடம்.

2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது தலைவாஸ். மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் காயம். அத்துடன் அவருக்கு அந்த சீசனே முடிந்தது.

அப்புறம்தான் திருப்பம்

நட்சத்திரம் இல்லாத அந்த அணிதான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! காரணம் இரண்டு.

ஒன்று, நரேந்தர். ஏலத்தில் கோடி கொடுத்து எடுத்தவர் இல்லை. 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் வந்த அறிமுக ரெய்டர். அந்த சீசனில் மட்டும் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார்.

இரண்டு, பழகிய தடுப்பாட்டம். சாகர், சாஹில் குலியா போன்றவர்களை முந்தைய சீசனில் இருந்தே தக்கவைத்திருந்தார்கள். கபடியில் பிடிப்பது தனி ஆள் வேலை இல்லை. ஒருவர் காலைப் பிடித்தால் அடுத்தவர் எப்போது பாய்வார் என்ற புரிதல் சேர்ந்து ஆடினால்தான் வரும். அதை ஏலத்தில் வாங்க முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிடிபட்ட ரெய்டர் வெளியே உட்கார வேண்டும். சக வீரர்கள் புள்ளி எடுத்தால்தான் அவர் திரும்பி வர முடியும். எவ்வளவு பெரிய ரெய்டராக இருந்தாலும், அவரை உள்ளே கொண்டுவர மற்ற 6 பேர் வேண்டும்.

மற்ற அணிகளின் அனுபவம்?

அடுத்த சீசனில் பவனை 2.605 கோடிக்கு எடுத்தது தெலுங்கு டைட்டன்ஸ். 22 ஆட்டங்களில் வென்றது 2 மட்டுமே, கடைசி இடம். அதே சீசனில் கோப்பை வென்ற புனேரி பல்டனும் ஈரான் வீரர் ஷாத்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தது. ஆனால் அங்கே அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று இளசுகள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். அடித்தளம் போட்ட பிறகு கோபுரம் கட்டினார்கள்.

தலைவாஸ் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டதா? 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்தது. அதாவது பட்ஜெட்டில் 43 சதவீதம். கிடைத்தது 9-வது இடம்.

கல்வராயன்மலைக்கு இதில் என்ன?

வரம்புக்குள் அணி கட்டும்போது பெரிய லாபம், குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் இளம் திறமைதான். தலைவாஸுக்குக் கைகொடுத்த நரேந்தரும் ஹரியானாக்காரர். தமிழ்நாட்டிலேயே அப்படித் தேடினால், வெள்ளிமலை, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கும்.

அதற்கு முதல் படி, ஊர்ப் போட்டியைத் தாண்டி வருவது. முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளில் கபடியும் உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்கள் கலந்துகொள்ளலாம். அங்கிருந்து மாநில அணி, ஜூனியர் தேசியப் போட்டி என்று ஏறினால்தான் தேர்வாளர்கள் கண்ணில் படுவார்கள். பிள்ளைகள் மலையில் இருந்து இறங்கி வர வேண்டும். தேர்வாளர்களும் மலை ஏறி வர வேண்டும். நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் 2 கோடியோடு ஒப்பிட்டால், அதற்கு ஆகும் செலவு பஸ் காசுதான்.