குளிருக்கு முன் ஒரு முழுக்கு



யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்னும் பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடக் காண்கின்றோம். இங்கிலாந்திலே 1950 ஆம் ஆண்டையொட்டிய காலத்திற் செய்யப்பட்டு, கப்பலேறி நம் நாட்டை அடைந்தவை அவை. போர்க்காலத்திலே பெற்றோல் கிடையாதிருந்த நாட்களில் மண்ணெண்ணெயைக் குடித்து உயிர் தரித்தவை. அவற்றின் இருக்கைகள் மாறியிருக்கும். இயந்திரத்தின் உறுப்புகள் பலமுறை மாறியிருக்கும். ஆயினும் உடலாகிய தகடு பெரும்பாலும் பழைய தகடே. இதற்கு மாறாக, கனடாவின் ரொறன்ரோ மாநகரில் வாழும் என் தம்பி, அங்குச் சென்ற புதிதில் வாங்கிய வண்டியை, அதற்குப் பன்னிரண்டு வயது நிரம்புமுன்பே பழைய இரும்பு விலைக்கு விற்க நேர்ந்தது. இயந்திரம் நன்றாகவே ஓடிற்று. ஆனால் கால் வைக்கும் இடத்திலிருந்த இரும்பைக் கறள் தின்று தீர்த்துவிட்டது. விரிப்பைத் தூக்கினால் வீதி தெரிந்ததாம்!

எழுபதாண்டு வண்டி இங்கே ஓட, பன்னிரண்டாண்டு வண்டி அங்கே மடிந்தது ஏன்? 2018 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் மூன்று கிழமை தம்பி வீட்டில் தங்கியிருந்தபொழுதுதான் இதற்கு விடை எனக்கு விளங்கிற்று. பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் அந்நாட்டில் வாழும் நேயர்கள் நம்மிடையே பலர். ஆதலால், அங்குக் குளிர்காலம் தொடங்குமுன் வண்டியைக் கழுவிக் காப்பிடும் முறை பற்றி இன்று பேச எண்ணினேன்.

குளிரே வண்டியைக் கெடுக்கிறது என்று நாம் நினைப்போம். அது தவறு. குளிரிலே இரும்பு மெல்லவே துருப்பிடிக்கும். வண்டியைக் கெடுப்பது, அக்குளிரை வெல்லும்பொருட்டு மனிதர் வீதியிலே கொட்டும் உப்பு. தூய நீர் பூச்சியப் பாகையில் உறைகிறது. உப்புக் கலந்த நீரோ அதற்கும் கீழே சென்றாலன்றி உறையாது. நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள நீர், பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை செல்சியஸ் வரையும் நீராகவே நிற்கும். ஆகவே பனி விழுந்தவுடனும், சில வேளைகளில் விழுமுன்பும், பெரிய லொறிகள் வீதியெங்கும் உப்பை இறைத்துச் செல்கின்றன. கடுங்குளிரிற் சாதாரண உப்பின் வலிமை குன்றுமாதலால் கல்சியங் குளோரைட்டு, மகனீசியங் குளோரைட்டு என்பனவும் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு கனடா முழுவதிலும் ஆண்டொன்றுக்கு இறைக்கப்படுவது ஏறத்தாழ 50 இலட்சம் தொன்.

நாம் ஆனையிறவிலே வெயிலை நம்பிக் கடல்நீரை வற்றவைத்துப் பெறும் பொருளை அவர்கள் பாதாளத்திலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். ஹியூறன் ஏரிக்கரையிலுள்ள கொடரிச் என்னும் ஊரில், 1866 ஆம் ஆண்டு எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் உப்பைக் கண்டார்கள். இன்று அவ்வேரியின் அடியில், 500 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. கறிக்குச் சிட்டிகை சிட்டிகையாக அளந்து உப்பிடும் நம் தாய்மார், வீதிக்கென மலைபோலக் குவித்து வைத்திருக்கும் அந்த உப்பைக் கண்டால் என்ன சொல்வார்களோ, அறியேன்.

இந்த உப்பு இரும்பை எவ்வாறு தின்கிறது? இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் வேண்டும். ஈரமான இரும்பின் மேல் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்குமிடையே மிக நுண்ணிய மின்னோட்டம் நிகழ்கிறது. துரு அதன் விளைவே. உப்பு நீர் சிறந்த மின்பகுபொருளாதலால் அவ்வோட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. அன்றியும் உப்பு காற்றிலுள்ள ஈரலிப்பைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். கல்சியங் குளோரைட்டோ இதிற் கைதேர்ந்தது. அது படிந்த இடம் எளிதிற் காயாது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால், ஊசிமுனையளவு பிளவொன்றிற் பிறந்தாலும் பூச்சைக் கொப்புளம்போல் எழுப்பி உடைத்துத் தன் வழியைத் தானே அகலமாக்கிக்கொள்கிறது.

வண்டியின் வர்ணப் பூச்சு அழகுக்கென்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது இரும்பின் தோல். இக்காலத்து வண்டிகளில் உருக்குத் தகட்டின் மேல் நாகப் பூச்சு, அதன் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் இடைப்பூச்சு, பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற ஒளிரும் மேற்பூச்சு என ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்தும் வர்ணத்தின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்குதான். நம் தலைமயிரொன்றின் தடிப்பைச் சற்றே மிஞ்சும். முன்னே செல்லும் வண்டியின் சில்லு தெறிக்கும் சிறு கல்லொன்று இந்தத் தோலைத் துளைக்கப் போதும். உப்புக்கு அத்துளை வாசல்.

ஆகவே பனிக்கு முன் செய்யும் பணி, வாசல்களை அடைப்பதும், அடைக்குமுன் உள்ளே அழுக்கில்லாதிருக்கச் செய்வதுமேயாகும். இதற்கு உரிய காலம் ஐப்பசி. மேப்பிள் மரங்கள் இலை சொரிந்து முடியும் வேளை அது. காற்றின் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் மெழுகு செவ்வையாகப் பிடியாது. விரல்களும் பணிசெய்ய மறுக்கும். தீபாவளி வருவதும் அக்காலத்திலேயே. தம்பி ஒரு சனிக்கிழமை காலை என்னை எழுப்பி, “அண்ணை, எழும்புங்கோ! இண்டைக்கு வண்டிக்கு எண்ணெய் முழுக்கு” என்றார். நான் பகிடியென்று எண்ணினேன். அதில் எத்துணை உண்மையிருந்தது என்பதை மாலையிலே கண்டேன்.

வீட்டு வாசலிலேயே கழுவலாமே என்றேன். அவர் தெருவோரத்து இரும்புச் சல்லடையைக் காட்டினார். அதனுள் விழும் நீர் எவ்விதச் சுத்திகரிப்புமின்றி ஓடைகளுக்கும், ஓடை வழியே ஒன்ராறியோ ஏரிக்கும் போய்ச் சேருமாதலால், சவர்க்கார நீரை அதனுள் விடுவது மாநகரச் சட்டப்படி குற்றமாம். அந்த ஏரிதான் அவர்களுக்குக் குடிநீரும் தருகிறது. ஆகவே காசு போட்டால் நீர் பீச்சும் கழுவுமிடமொன்றுக்குச் சென்றோம். அங்குள்ள அழுக்கு நீர் கழிவுநீர்க் குழாய்க்குச் செல்கிறது.

முதலில் நான் ஒரு பிழை செய்தேன். வண்டியின் மேல் தூசி கண்டு, நம்மூர் வழக்கப்படி ஒரு பழந்துணியை எடுத்து உலரவே துடைக்கலானேன். தம்பி கையைப் பிடித்துவிட்டார். தூசியென்று நாம் அழைப்பது பெரும்பாலும் நுண்மணல். உலர்ந்த துணியின் கீழே அது உருண்டு, மேற்பூச்சிலே மயிரிழை போன்ற கீறல்களை வட்டம் வட்டமாக இடுகிறது. வெயிலிற் பார்க்கும்போது சிலந்திவலை போலத் தெரிவன அவையே. முதலில் நீரைப் பீச்சி மணலை ஓடவிட வேண்டும். அதன்பின் இரண்டு வாளிகள்: ஒன்றிலே வண்டிக்கென்றே செய்த சவர்க்கார நீர், மற்றதிலே வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டே மீண்டும் சவர்க்கார நீரில் தோய்க்க வேண்டும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும்; மிக அழுக்கான சில்லுகளுக்கு வேறு துணி, வேறு நீர். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்துவோர் அங்கும் உளர். அது முன்னே இட்ட மெழுகையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

கழுவிய பின் வண்டி தூய்மையாகத் தோன்றும். ஆனால் கையால் தடவினால் சொரசொரப்பு இருக்கும். மரப்பிசின், வீதித் தார், பிறேக்குகளிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் ஆகியன பூச்சிலே பதிந்து கிடக்கின்றன. இவற்றை எடுக்க மாப்போலப் பிசையக்கூடிய ஒருவகைக் களிமண் விற்கிறார்கள். வழுக்கும் நீர் தெளித்து அக்களிமண்ணை மெல்ல உருட்டிச் செல்ல, பதிந்தவை அதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. களி தரையில் விழுந்தால் எறிந்துவிட வேண்டும். தம்பி ஒருமுறை அதனை எடுத்து மீண்டும் பாவித்து, முன்மூடியில் நீண்டதொரு கீறலைத் தேடிக்கொண்டாராம். கல் தெறித்த புள்ளிகளை இந்நிலையிலேயே தேட வேண்டும். துரு கண்டிருந்தால் சுரண்டி நீக்கி, அடிப்பூச்சும் அதன் மேல் அதே நிறமும் சிறு தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். துருவின் மேல் நிறம் பூசுவது புண்ணை ஆற்றாமல் மூடிக் கட்டுவதை ஒக்கும்.

இனி மெழுகு. மெழுகு துருவை நேரே தடுப்பதில்லை; நீரும் உப்பும் பூச்சிலே தங்காமல் வழிந்தோடச் செய்கிறது. இக்காலத்திலே இரசாயன முறையிற் செய்த காப்புப் பொருள்கள் பல உண்டு. அவை மெழுகைவிட நெடுநாள் நிற்கும். எனினும் பழைய கார்நோபா மெழுகைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அது பிறேசில் நாட்டின் வடகிழக்கிலே வளரும் ஒரு பனையிலிருந்து கிடைக்கிறது. நம் பனையைப் போலவே விசிறி ஓலையுடையது. நெடுங்கோடையில் நீர் ஆவியாகாமற் காக்கத் தன் ஓலையின் மேல் அம்மரம் மெழுகைப் பூசிக்கொள்கிறது. மக்கள் ஓலையை வெட்டி வெயிலிற் காயவைத்துத் தட்டி அம்மெழுகைத் தூளாக உதிர்க்கிறார்கள். அது உருகுவதற்கு 80 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஓலையின் நீரை வெளியே விடாத பொருள், வீதியின் நீரை உள்ளே விடாத பணிக்கும் உதவுகிறது. பனையோடு வளர்ந்த நமக்கு இதிலே சிறிது மகிழ்ச்சி கொள்ள உரிமையுண்டு. காப்பு எதுவாயினும், வெயில் நேரே படாத இடத்தில் மெல்லியதாகப் பூசி, காயவிட்டுத் துடைத்தெடுப்பதே முறை. தடிப்பாகப் பூசினாற் பயனும் தடிப்பாகும் என்பதில்லை.

இதுவரை கூறியவை கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கானவை. தம்பியின் முதல் வண்டி மடிந்ததோ கண்ணுக்குத் தெரியாத பகுதியிலே. மட்காட்டின் உட்புற மடிப்புகளிலும், கதவுகளின் அடியோரத்திலும், வாசற்படிக்குக் கீழுள்ள பொள்ளுகளிலும் சேறும் இலையும் அடைந்து, ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருந்தன. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கின்றன. அவை அடைபட்டாற் கதவு உள்ளிருந்தே உளுக்கும். அன்று நாங்கள் ஒரு மெல்லிய குச்சியால் அத்துளைகளைக் குத்திவிட்டபோது, ஒரு கதவிலிருந்து கறுத்த நீர் அரைக் கோப்பையளவு வடிந்தது.

தகட்டில் ஓட்டை விழுந்தாற் பணம்தான் நட்டம். உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. பிறேக்குக்கு எண்ணெய் கொண்டு செல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள் வண்டியின் அடிப்புறத்திலே ஓடுகின்றன. அவை துருப்பிடித்து மெலிந்திருந்தால், அவசரத்தில் அழுத்தி மிதிக்கும் அந்தக் கணத்திலேதான் வெடிக்கும். அமெரிக்க நாட்டின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் இத்தகைய முறைப்பாடுகளை ஆராய்ந்து, 2015 ஆம் ஆண்டு சித்திரையில், உப்பிடும் மாநிலங்களிலுள்ளோர் பழைய வண்டிகளின் அடிப்புறத்தை ஒழுங்காகக் கழுவுமாறும், பிறேக்குக் குழாய்களைச் சோதிப்பிக்குமாறும் அறிவுரை விடுத்தது. பளபளக்கும் வண்டியை ஓட்டுபவரிலும் பலர், அதன் கீழே ஒருமுறையேனும் குனிந்து பார்த்ததில்லை.

அன்று மாலைதான் எண்ணெய் முழுக்கு நடந்தது. துருத்தடுப்பு நிலையமொன்றிலே வண்டியை உயர்த்தி, கழுவி உலர்ந்த அடிப்புறமெங்கும், கதவுகளின் உட்பொள்ளுகளிலும், மெல்லிய எண்ணெயைப் புகைபோலப் பீச்சினார்கள். அது மடிப்புக்குள் மடிப்பாக ஊர்ந்து சென்று நீரை விலக்கி நிற்கும். இரண்டு நாள் சொட்டிக்கொண்டேயிருந்தது. வீட்டு வாசலில் கறை படிந்ததென்று தம்பியின் மனைவி முகஞ்சுளித்தார். கறுப்புத் தார் போன்ற கெட்டிப் பூச்சு இடுவோரும் உளர். ஆயின் அது வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீர் புகுந்துவிட்டால், வெளியே நலமாகத் தோன்ற உள்ளே அழுகும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாயினும் எண்ணெயே மேலென்பது தம்பியின் எண்ணம். அடிப்புறத்தைக் கண்டபின் நானும் அப்பக்கமே.

குளிர்காலம் வந்த பின்னரும் இரண்டு கிழமைக்கொருமுறை, வெப்பம் பூச்சியத்துக்கு மேல் ஏறும் நாளொன்றைத் தெரிந்து, அடிப்புறத்துடன் சேர்த்துக் கழுவ வேண்டும். கழுவியதும் கதவோரத்து இறப்பர் பட்டிகளைத் துவாயால் ஒற்றி, சிலிக்கன் பசை சிறிது தடவாவிடில், மறுநாட் காலையிற் கதவு உறைந்து திறக்க மறுக்கும். உப்புப் படிந்த வண்டியைக் கழுவாமலே வெப்பமூட்டிய கராச்சினுள் நிறுத்துவதும் நன்றன்று. வெளியே உறைந்து கிடந்த உப்பு உள்ளே உருகி, வெதுவெதுப்பிலே விரைந்து வேலை செய்யும். வண்டிக்கு இரங்கி அதனை உள்ளே வைப்போர் இதனை அறிவதில்லை.

நம் ஒஸ்ரின் வண்டிகளின் நீண்ட ஆயுளுக்கு, தடித்த தகடும் உடையவரின் கைப்பணியும் ஒரு காரணம். நம் வீதிகளில் உப்பு இல்லாமை மற்றொரு காரணம். ஆனாற் கடலோரத்தில் வாழும் நேயர்கள் இதனைக் கேட்டு ஆறுதல் கொள்ள வேண்டா. பருத்தித்துறையிலும் மன்னாரிலும் அலையிலிருந்து காற்றுச் சுமந்து வருவதும் அதே சோடியங் குளோரைட்டுத்தான். வாடைக்காற்றுத் தொடங்குமுன் மட்காட்டின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளையாகப் பொருக்கு வந்தால், ஒரு வாளி நல்ல தண்ணீரை அங்கே முதலில் ஊற்றுங்கள்.