நாய்க்குச் சாப்பாடு தரையிலா, ஸ்டாண்டிலா?

செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் இப்போது கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள்: கம்பியை வளைத்துச் செய்த ஸ்டாண்டு, மேலே இரண்டு வளையம், வளையத்துக்குள் இரண்டு எவர்சில்வர் கிண்ணம். ஒன்று சோற்றுக்கு, ஒன்று தண்ணீருக்கு. “குனிஞ்சு சாப்பிட்டா கழுத்து வலிக்கும் சார், காத்தும் சேர்ந்து உள்ள போகும்” என்பார் கடைக்காரர். குட்டிக்குத் தீனி வாங்க வந்தவர் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போவார். காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் கிண்ணத்தை வைத்துவிடுகிறார்கள்.

ஆரோக்கியமான நாய்க்கு இது தேவையில்லை. சில நோய்கள் வந்த நாய்க்கு இது பெரிய உதவி. மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்க்கோ, யோசிக்காமல் வைப்பது ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். இந்த மூன்றாவது விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை.

குனிந்து தின்னும் உடம்பு

குனிந்தால் நமக்கு முதுகு பிடிக்கிறது. அதனால் நாய்க்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாலு காலில் நிற்கும் பிராணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மனிதரின் உணவுக்குழாயில் மேற்பகுதியில் மட்டுமே வரித்தசை உண்டு. நாய்க்கு உணவுக்குழாய் முழுக்கவே வரித்தசைதான். தலை தரையைத் தொடும்படி இருந்தாலும் கவளத்தை மேல்நோக்கித் தள்ளி இரைப்பைக்கு அனுப்பிவிடும் வலு அதற்கு இருக்கிறது. தெருநாய் எதுவும் கழுத்து வலிக்காக மேடு தேடிப் போவதில்லை.

ஸ்டாண்டால் ஒரு சின்ன லாபம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனால் கிண்ணத்தையே தண்ணீர்த் தட்டில் வைத்தாலும் எறும்பு வராதுதான்.

பர்டூ ஆய்வு

வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நோயிலிருந்து பெரிய நாய்களைக் காப்பாற்ற, கிண்ணத்தை உயர்த்தி வைக்கச் சொல்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. உயர்த்தி வைத்தால் நாய் காற்றை விழுங்குவது குறையும் என்பது அதற்குச் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரி கிளிக்மன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ராட்வைலர், ஐரிஷ் செட்டர் உள்ளிட்ட 11 இனங்களைச் சேர்ந்த 1,637 நாய்களைத் தொடர்ந்து கவனித்து, முடிவை 2000இல் வெளியிட்டார்கள். வயது கூடுவது, பெற்றோருக்கோ உடன்பிறந்த நாய்க்கோ இந்த நோய் வந்திருப்பது, அவசரமாகத் தின்பது ஆகியவற்றோடு உயர்த்தி வைத்த கிண்ணமும் ஆபத்துப் பட்டியலில் வந்து நின்றது. நோய் கண்ட பெரிய இன நாய்களில் சுமார் 20 சதவீதத்துக்கும், மிகப் பெரிய இனங்களில் சுமார் 52 சதவீதத்துக்கும் உயரக் கிண்ணத்தைத் தொடர்புபடுத்தலாம் என்றது அந்த ஆய்வு. ஸ்டாண்டில் தின்னும் நூறு நாய்களில் 52க்கு நோய் வரும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. நோய் வந்த நாய்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள நாய்க்கு வீட்டுக்காரர் முன்கூட்டியே பயந்து கிண்ணத்தை உயர்த்தியிருக்கலாமே என்ற கேள்வி எனக்கும் உண்டு. 2012இல் இணையம் வழியாக நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வு இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. ஆக, விவாதம் முடியவில்லை. ஆனாலும் ஒன்று ஆபத்து என்கிறது, மற்றொன்று அப்படிச் சொல்லவில்லை. உயரக் கிண்ணம் நோயைத் தடுக்கும் என்று இரண்டுமே காட்டவில்லை. இப்படிப்பட்ட நிலையில் தரையில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரைப்பை முறுக்கிக்கொண்டால்

இந்த நோயை டாக்டர்கள் ‘ஜி.டி.வி.’ என்பார்கள், நாய் வளர்ப்பவர்கள் ‘ப்ளோட்’ என்பார்கள். இரைப்பையில் வாயு நிறைந்து, அது உப்பி, தன் அச்சிலேயே சுழன்றுவிடுகிறது. மேல்வாயும் கீழ்வாயும் அடைபடுவதால் உள்ளே இருப்பது வாந்தியாகவும் வராது, குடலுக்கும் இறங்காது. உப்பிய இரைப்பை அடிவயிற்றின் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகும். இரைப்பைச் சுவருக்கு ரத்தம் போகாமல் தசை அழுகத் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் மண்ணீரலும் சேர்ந்து திருகிக்கொள்வதுண்டு. இத்தனையும் சில மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய் ஓரிடத்தில் படுக்காமல் நடந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்க முயலும், வயிறு எக்கும். வருவதோ வெறும் நுரையும் எச்சிலும்தான். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கும். இடுப்புக்கு முன்னால் வயிறு புடைத்து, விரலால் தட்டினால் மத்தளம் போலச் சத்தம் கேட்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். ரோமம் அடர்ந்த நாய்களில் வயிற்றுப் புடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் வாந்தி வராமல் குமட்டுவதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் என்று வாயில் ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். காலை வரை பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். மருத்துவமனையில் முதலில் வாயுவை வெளியேற்றி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். பிறகு அறுவை சிகிச்சை செய்து இரைப்பையை நேராக்கி, மறுபடி சுழலாதபடி வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். தைக்காமல் விட்டால் திரும்ப வருவது சகஜம். கிரேட் டேன் போன்ற இனங்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சையின்போதே இதையும் முன்கூட்டிச் செய்துகொள்ளலாம்.

ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், ஸ்டாண்டர்டு பூடில் ஆகியவையும் மார்பு ஆழமான இனங்கள்தான். நம் ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் மார்பு ஆழமாகவும் வயிறு ஒட்டியும் இருக்கும். கால் நீளமாயிற்றே என்று இவற்றுக்கு ஸ்டாண்டு வாங்க வேண்டிய அவசியமில்லை.

எந்த நாய்க்கு உயரம் உதவும்?

மூட்டுவாதம் வந்த கிழநாய் சாப்பிடுவதைக் கவனித்துப் பாருங்கள். கிண்ணத்தருகே வந்து நிற்கும், தலையைப் பாதி இறக்கும், நிமிர்ந்துவிடும். ஒரு வாய் கவ்விக்கொண்டு நிமிர்ந்து மெல்லும். டைல்ஸ் தரையாக இருந்தால் முன்னங்கால்கள் விலகி வழுக்கும். கடைசியில் படுத்துக்கொண்டே தின்னும். ‘வயசாயிடுச்சு, பசியில்லை’ என்று நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அதற்குக் குனியத்தான் முடியவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் டிஸ்க் பிதுங்கிய நாய்களும், டாபர்மேன், கிரேட் டேன்களுக்கு வரும் ‘வாப்ளர்’ என்ற கழுத்தெலும்பு நோய் கண்டவையும் இப்படித்தான் தவிக்கும். இவற்றுக்குக் கிண்ணத்தை உயர்த்தி வைப்பது வலிக்கு நல்ல ஆறுதல். கிண்ணத்தின் விளிம்பு மார்பின் அடிப்பகுதி மட்டத்துக்கு இருந்தால் போதும், அண்ணாந்து தின்னும்படி வைக்கக் கூடாது. காலுக்கடியில் ரப்பர் மேட் போடுங்கள்; அது பாதி வேலையைப் பார்க்கும்.

உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துவிடும் நோய் ஒன்று உண்டு. டாக்டர்கள் ‘மெகா ஈசோஃபேகஸ்’ என்பார்கள். விழுங்கியது இரைப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குமட்டல் எதுவும் இல்லாமல் அப்படியே வெளியே வந்து விழும். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இங்கே ஸ்டாண்டு மட்டும் போதாது. நாயைச் செங்குத்தாக உட்கார வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் 10 முதல் 30 நிமிடம் அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். இதற்கென்றே ‘பெய்லி நாற்காலி’ என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்த் தச்சர் யாரும் செய்து கொடுத்துவிடுவார்.

நாய்க்கு மூட்டுவலியும் இருக்கிறது, அது கிரேட் டேனாகவும் இருக்கிறது என்றால்? கடைக்காரரிடம் கேட்காமல் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

உயரத்தைவிட வேகம்

பெரிய நாய் வளர்ப்பவர்கள் கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அது எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருநாள் சாப்பாட்டை ஒரே வேளையில் குவித்துவைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அள்ளி விழுங்கும் நாய்க்கு உள்ளே மேடு பள்ளம் உள்ள கிண்ணம் கிடைக்கிறது. இல்லையென்றால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி வைத்தாலும் வேகம் குறையும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள், போட்டி போட்டுத்தான் விழுங்குகின்றன. சாப்பிட்டதும் பந்து எறிந்து ஓடவிட வேண்டாம். குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் நாய்களுக்கு இந்த நோய் வந்ததுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது மார்பு ஆழமான பெரிய நாய் என்றால், உங்கள் ஊரில் இரவு நேரத்தில் திறந்திருந்து அறுவை சிகிச்சையும் செய்யும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.